தூய இன முயல் வளர்ப்பும் கண்காட்சியும்: ராமநாதபுரம் கடலோரக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இறைச்சிக்காகப் பண்ணை வைப்பது வேறு. வீட்டில் நாலைந்து தூய இன முயல்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்த்து, அளவோடு ஈற்று எடுத்து, அவற்றில் சிறந்ததைக் கண்காட்சி மேசையில் நிறுத்துவது வேறு. இந்தப் பக்கம் இரண்டாவதைப் பற்றியது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள கரையிலும், பாம்பனுக்கு அப்பால் ராமேசுவரம் தீவிலும் உப்புக் காற்று, உப்புத் தண்ணீர், நீண்ட கோடை ஆகிய மூன்றும் முயலுக்கு எதிராக நிற்கின்றன. குளிர்நாட்டு முறைகளை இங்கே அப்படியே கடைப்பிடித்தால் துன்பப்படுவது முயல்தான் என்பதால், பதில்கள் அனைத்தும் இந்தக் கரையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

தூய இனம் என்று எதைச் சொல்கிறோம்?

பெற்றோர், அவற்றின் பெற்றோர், அவற்றுக்கும் பெற்றோர் என மூன்று தலைமுறையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று எழுத்தில் காட்ட முடிந்தால்தான் ஒரு முயலைத் தூய இனம் என்று நம்பிச் சொல்லலாம். நிறமும் காதும் ஒத்திருப்பது மட்டும் போதாது. வெள்ளை முடியும் சிவந்த கண்ணும் இருந்தாலே நியூசிலாந்து வெள்ளை என்று சந்தையில் விற்றுவிடுகிறார்கள்; ஆனால் அந்த நிறம் பல இனங்களிலும் கலப்பினங்களிலும் வரும். நியூசிலாந்து வெள்ளை என்பது பெயரில் நியூசிலாந்தைத் தாங்கியிருந்தாலும் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இனம். வளர்ந்த பின் நாலு முதல் ஐந்தரைக் கிலோ வரை எடை வரும். தோளிலிருந்து இடுப்பு வரை சதைப்பற்றோடு திரண்டிருக்கும். அந்த உடல்வாகு இல்லாத வெள்ளை முயல் வெறும் வெள்ளை முயல்தான். அதையும் அன்பாக வளர்க்கலாம், ஆனால் அதன் குட்டிகளைத் தூய இனம் என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது.

இந்தக் கரைக்கு எந்த இனம் பொருந்தும்?

நடுத்தர உடலும் குட்டை முடியும் நிமிர்ந்த காதும் உள்ள இனங்களையே முதலில் நினையுங்கள். முயலுக்கு வியர்வை மிகக் குறைவு. உடலின் வெப்பத்தைப் பெரும்பாலும் காதுகள் வழியாகவும் மூச்சின் வழியாகவும்தான் வெளியேற்றுகிறது. அதனால் மெல்லிய நீண்ட காதும் அடர்த்தி குறைந்த முடியும் இங்கே அதற்கு வரம். ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோ எடையுள்ள டச்சு இனம் குடும்பத்துக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்றது. சோவியத் சின்சில்லாவும் நியூசிலாந்து வெள்ளையும் தமிழ்நாட்டில் பல காலமாக வளர்க்கப்படுபவை என்பதால் நல்ல வம்சத்தைத் தேடிப் பிடிப்பது ஓரளவு எளிது.

அங்கோராவை இந்தக் கரையில் வளர்க்க வேண்டாம் என்பதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். கம்பளிக்காகவே உருவான அந்த முயலைச் சித்திரை வெயிலில் பெரியபட்டினத்திலோ ஏர்வாடியிலோ வைத்திருப்பது கொடுமை. ஃபிளெமிஷ் ஜெயிண்ட் போன்ற ஆறு கிலோவைத் தாண்டும் பெரிய இனங்களும் வேண்டாம்.

கலிஃபோர்னியன் இனத்தைப் பலர் கேட்கிறார்கள். வெண்ணிற உடலில் மூக்கு, காது, பாதம், வால் ஆகியவை மட்டும் கறுத்திருப்பதே அதன் அழகு. அந்தக் கறுப்பு நிறமியை உண்டாக்கும் நொதி குளிர்ச்சியான தோலில்தான் நன்றாக வேலை செய்யும். காதும் மூக்கும் உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்திருப்பதால் அங்கே மட்டும் நிறம் ஏறுகிறது. நம் கோடையில் அந்தக் கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும். முயலுக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை, ஆனால் நடுவர் முன் நிற்கும்போது நிறத்துக்கான புள்ளிகள் குறையும். இதைத் தெரிந்துகொண்டு வளர்ப்பவருக்கு ஏமாற்றம் இராது.

முதல் ஜோடியை எங்கே வாங்குவது?

கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் வெள்ளை ஜெயிண்ட், சோவியத் சின்சில்லா இனங்களைப் பராமரித்து விவசாயிகளுக்கு வழங்கி வருகிறது. ராமநாதபுரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே வழிகாட்டுதல் கேட்கலாம். மலைக்குளிரில் பிறந்த முயலைக் கோடையில் கரைக்கு இறக்கினால் அது தாங்காது. கார்த்திகை முதல் தை வரையிலான மாதங்களில் கொண்டுவந்தால், வெயில் ஏறுவதற்குள் உடல் பழகிக்கொள்ளும்.

தனியாரிடம் வாங்குவதானால் தாயையும் தந்தையையும் அவை இருக்கும் கூண்டிலேயே பாருங்கள். தும்மல், மூக்கில் சளி, முன்னங்கால்களின் உட்புறத்தில் ஈரம் காய்ந்து ஒட்டிய முடி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். சளி வடியும் முயல் மூக்கை முன்னங்காலால் துடைத்துக்கொள்வதால் அந்த முடி உண்மையைக் காட்டிவிடும். குட்டிகளை நல்ல விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக வாக்குறுதி தந்து ஜோடி விற்பவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

இந்த வெயிலில் முயல் தாங்குமா?

பார்த்துக்கொண்டால் தாங்கும். முயலுக்கு இதமான வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 21 டிகிரி செல்சியஸ். 30ஐத் தாண்டினால் அது சிரமப்படத் தொடங்கும். 35ஐ ஒட்டினால் உயிருக்கே ஆபத்து. நம் கரையிலோ கோடைப் பகல் 35 டிகிரியை ஒட்டியே இருக்கிறது, இரவும் பெரிதாகக் குளிர்வதில்லை. ஆகவே கூண்டு எங்கே நிற்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

தகரக் கூரையின் கீழ் முயலை வைக்கக் கூடாது. பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்த உயரமான கூரை நல்லது. கொட்டகையின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை, மாலை வெயில் உள்ளே பாயாது. கடற்காற்று உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி இருக்க வேண்டும். ஆனால் உப்புச் சாரல் நேராக அடிக்கும் பக்கத்தில் ஓலைத் தட்டி ஒன்று கட்டிவிடுங்கள். ஈரச் சாக்கைத் தொங்கவிடும் முறை வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்த மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ அதனால் பயன் குறைவு, கூண்டும் நசநசத்துப் போகும். அதைவிட, தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் முயல் தானாக வந்து அதன்மேல் சாய்ந்துகொள்ளும். தரையில் பதிக்கும் ஓடு (டைல்) ஒன்றை உள்ளே போடுவதும் நல்லது.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, எச்சில் ஒழுகுவது, காதுகள் சூடேறிச் சிவப்பது, கால்களைப் பரப்பி அசையாமல் கிடப்பது ஆகியவை வெப்பத்தாக்கின் அடையாளங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் காதுகளையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மின்விசிறியின் காற்றுப் படட்டும். ஐஸ் தண்ணீரில் முக்கி எடுக்காதீர்கள், அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். ஓரளவு தெளிந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கூண்டுக் கம்பி ஏன் இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது? அதனால் முயலுக்கு என்ன?

கடலோரத்தில் துத்தநாகம் பூசிய கம்பி வலைகூட நெடுநாள் நிற்காது. பூச்சு உரிந்த இடத்தில் எழும் சிறு முட்கள் முயலின் குதிகாலைக் கீறி, அது ஆறாத பாதப்புண்ணாகிவிடும். முயலுக்குப் பாதத்தில் நாய்க்கு இருப்பதுபோல் மெத்தை கிடையாது, முடி மட்டுமே காப்பு. வாரம் ஒருமுறை ஒரு பழைய நூல் துணியை வலையின்மேல் அழுத்தி இழுத்துப் பாருங்கள். எங்கே நூல் சிக்கி இழுபடுகிறதோ அந்த இடத்தைத் தேய்த்துச் சமன் செய்யுங்கள் அல்லது வெட்டி மாற்றுங்கள். ஒவ்வொரு கூண்டிலும் முயல் முழுதாகப் படுக்கும் அளவுக்கு மரப்பலகையோ பனையோலைப் பாயோ இருக்க வேண்டும். பாயைக் கடித்துத் தின்றாலும் கவலை இல்லை, புதிதாகப் போட்டுவிடலாம்.

எப்போது இணை சேர்க்கலாம்? வருடத்துக்கு எத்தனை ஈற்று?

இதைப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இங்கே நடக்கும் பெரும்பாலான இழப்புகள் மாதத்தைப் பாராமல் இணை சேர்ப்பதால் வருபவை.

பெண் முயலுக்கு மாடுபோல் குறிப்பிட்ட பருவச்சுழற்சி கிடையாது. இணை சேர்ந்த பிறகு, ஏறத்தாழ 10 மணி நேரம் கழித்தே கருமுட்டை வெளியாகும். அதனால் எந்த மாதமும் சினை பிடிக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஆண் முயலின் விந்து வெப்பத்தால் கெடுகிறது. 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் தற்காலிக மலட்டுத்தன்மை வந்துவிடும். வெப்பம் தணிந்த பிறகும் புதிய விந்தணுக்கள் உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டு மாதம் வேண்டும். ஆவணியில் சேர்த்துவிட்டுச் சினை பிடிக்கவில்லையே என்று பெண் முயலைக் குறை சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சினைக்காலம் 31 நாள், ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஆண் முயல் தேறிய பின், கார்த்திகையிலும் மார்கழியிலும் இணை சேர்த்தால் மார்கழியிலிருந்து தை முடிவதற்குள் குட்டிகள் பிறந்துவிடும். ஆறு வாரத்துக்குக் குறையாமல் தாயிடம் விட்டு, எட்டு வாரத்தில் வேறு வீட்டுக்கு அனுப்பினால், சித்திரை வெயில் கடுமையாவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே கடலோரத்தில் ஒரு பெண் முயலுக்கு வருடத்துக்கு ஒரு ஈற்று என்பதே சரியான கணக்கு. நல்ல உடல்நிலையும் குட்டிகளுக்கு உறுதியான இடமும் இருந்தால் இரண்டு. பண்ணைகளில் எடுக்கும் ஐந்தாறு ஈற்றைக் குடும்பப் பொழுதுபோக்கில் எடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

டச்சு போன்ற சிறிய இனத்தில் பெண் முயலுக்கு ஆறு மாதமாவது நிறைந்திருக்க வேண்டும். நியூசிலாந்து வெள்ளை போன்றவற்றுக்கு ஏழெட்டு மாதம் வரை பொறுப்பது நல்லது. பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாறாகச் செய்தால், தன் இடத்தைக் காக்கும் பெண் முயல் ஆணைக் கடித்துக் காயப்படுத்திவிடும். இணை சேர்ந்த உடனே திரும்பப் பிரித்துவிடுங்கள். மூன்று வயதுக்கு மேல் ஈற்று எடுக்க வேண்டாம்.

எந்த ஜோடியைச் சேர்க்கவே கூடாது?

மேல்பற்களும் கீழ்ப்பற்களும் சரியாகப் பொருந்தாத முயலைச் சேர்க்கக் கூடாது. முயலின் பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பது. ஒன்றோடொன்று உராய்ந்தால்தான் தேயும். பொருந்தாவிட்டால் கொம்புபோல் வளைந்து வளர்ந்து, தின்ன முடியாமல் போய்விடும். கூண்டுக் கம்பியைக் கடித்து இழுத்தும் பல் கோணலாம், ஆனால் பெரும்பாலும் அது வம்சத்தில் வருவது. அதன் உடன்பிறப்புகளையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

குள்ள இனங்களான நெதர்லாந்து டுவார்ஃப், ஹாலந்து லாப் ஆகியவற்றை வளர்ப்போர் இன்னொன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். உண்மையான குள்ள முயல், குள்ள மரபணுவின் ஒரு பிரதியை மட்டுமே கொண்டது. இரண்டு குள்ளங்களைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டி இரண்டு பிரதிகளையும் பெற்று, உடல் மிகச் சிறுத்து, தலை மட்டும் பெருத்துப் பிறக்கும். அது சில நாட்களில் இறந்துவிடும், காப்பாற்ற வழி இல்லை. அதே வம்சத்தில் குள்ள மரபணு இல்லாமல் சற்றுப் பெரிதாகப் பிறந்த பெண் முயலைக் குள்ள ஆணோடு சேர்த்தால் இந்தச் சாவு நேராது. குட்டிகளில் பாதி குள்ளமாகவே வரும். அந்தப் பெரிய பெண் கண்காட்சி மேசைக்கு ஏறாது. ஆனாலும் வளர்ப்பவருக்கு வீட்டில் அதுதான் மிகவும் மதிப்புள்ள முயல்.

வெள்ளையில் புள்ளி விழுந்த முயல்களிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. புள்ளி முயலோடு புள்ளி முயலைச் சேர்த்தால் நாலில் ஒன்று ஏறத்தாழ முழு வெள்ளையாக, மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் மட்டும் சிறிது நிறத்தோடு பிறக்கும். அவற்றில் பலவற்றுக்குப் பெருங்குடல் சரியாக இயங்காமல் வாழ்நாளெல்லாம் செரிமானத் தொல்லை இருக்கும். ஒரே நிற முயலோடு புள்ளி முயலைச் சேர்ப்பதே முறை. டச்சு இனத்தின் வெள்ளைப் பட்டை வேறு மரபணுவால் வருவது, அதற்கு இந்த அச்சம் இல்லை.

அண்ணன் தங்கை உறவில் சேர்ப்பதைத் தவிருங்கள். மூர்க்கமான முயலையும் சேர்க்காதீர்கள். குணமும் வம்சத்தில் வரும், நாளைக்கு அதைத் தூக்கப்போவது ஒரு பிள்ளை.

குட்டியைத் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்கிறார்களே?

வீட்டு முயலைப் பொறுத்தவரை அது உண்மை அல்ல. தொட்டே ஆக வேண்டும். சினையின் 28ஆம் நாள் மரப்பெட்டி ஒன்றில் காய்ந்த புல் பரப்பி வையுங்கள். ஈனும் வேளையில் தாய் தன் மார்பிலிருந்தும் வயிற்றிலிருந்தும் முடியைப் பிடுங்கிக் குட்டிகளின்மேல் போர்த்தும். மறுநாள் காலையில் தாய்க்குக் கொஞ்சம் கீரை கொடுத்து அதன் கவனத்தைத் திருப்பி, கையைக் கழுவி அந்தக் கூண்டின் புல்லில் தேய்த்துவிட்டு, முடிப்போர்வையை விலக்கிப் பாருங்கள். இறந்த குட்டி இருந்தால் அப்புறப்படுத்துங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு இறுகி, மெல்லிய தோலின் வழியே பால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். குடிக்காத குட்டியின் தோல் சுருங்கி மடிந்திருக்கும். தாய் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடம் மட்டுமே பாலூட்டும். பகலெல்லாம் குட்டிகளின் பக்கம் போகவில்லையே என்று பதற வேண்டாம், அதுவே அதன் இயல்பு. பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். வெயில் ஏறிய நாட்களில் முடிப்போர்வை அதிகமாகித் திணறினால் அதில் பாதியை எடுத்துவிடலாம்.

என்ன தீவனம் கொடுப்பது?

உலர்ந்த புல்தான் முதல் உணவு. பல் தேயவும் குடல் ஓடவும் அதுவே காரணம். பருவமழைக்குப் பின் தை, மாசியில் அருகம்புல்லும் வரப்புப் புல்லும் செழித்திருக்கும்போது அறுத்து நிழலில் உலர்த்திச் சேமித்தால் கோடைக்கு உதவும். தோட்டம் உள்ளவர்கள் முயல் மசாலும் வேலி மசாலும் போட்டுக்கொள்ளலாம். அகத்தியும் முருங்கையும் சத்தானவை, ஆனால் கைப்பிடி அளவோடு நிறுத்துங்கள். சவுண்டல் இலையை நிறையக் கொடுத்தால் முடி கொட்டும். எருக்கு, அரளி, ஆமணக்கு ஆகியவை நஞ்சு. மழையில் நனைந்து பூசணம் பிடித்த கடலைக்கொடி கல்லீரலைக் கெடுக்கும். சோறு, ரொட்டி, பிஸ்கட் எதுவும் வேண்டாம், விருந்தாளி கொடுத்தாலும் வேண்டாம்.

ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும் ஊர்களில் வீட்டார் குடிக்கும் அதே தண்ணீரை முயலுக்கும் வையுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 மில்லி குடிக்கும். கோடையிலும் பாலூட்டும் நாளிலும் இன்னும் கூடும்.

எந்த நோய்களுக்கு அஞ்ச வேண்டும்?

பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருக்கும் முயலுக்கு அவசர சிகிச்சை வேண்டும். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு அடைந்தால் அது காதுச் சொறி. மூக்கிலும் பாதத்திலும் வரும் சொறி மனிதருக்கும் ஒட்டும் என்பதால் பிள்ளைகளை விலக்கி வையுங்கள். குட்டிகளுக்கு ஐந்தாறு வாரத்தில் வரும் கழிச்சல் பெரும்பாலும் ரத்தக் கழிச்சல் கிருமியால். தரை ஈரமாக இருப்பதே அதற்குத் தோதான சூழல்.

மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள். மனிதருக்குக் கொடுக்கும் அமாக்சிசிலினை வாய் வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, முயல் இறந்துபோகலாம். நாய்க்கு உண்ணி நீக்கப் பயன்படுத்தும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு ஆகாது. மருத்துவரிடம் போனால் இந்த இரண்டையும் நீங்களே நினைவூட்டுவதில் தவறில்லை.

கண்காட்சியில் நடுவர் என்ன பார்க்கிறார்?

அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம், 1934இல் உருவான பிரிட்டிஷ் முயல் கவுன்சில் ஆகியவை ஒவ்வோர் இனத்துக்கும் எழுதப்பட்ட இலக்கணம் வைத்திருக்கின்றன. உடலமைப்பு, தலை, காது, முடி, நிறம் எனப் பிரித்து மொத்தம் 100 புள்ளிகள். நடுவர் முயல்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு முன், ஒவ்வொன்றையும் அந்த இலக்கணத்தோடு ஒப்பிடுகிறார். அமெரிக்க முறையில் முயலின் இடது காதில் அடையாள எண்ணைப் பச்சை குத்தியிருக்க வேண்டும். பிரிட்டனில் பின்னங்காலில் வளையம் போடுகிறார்கள். அமெரிக்க முறைப்படி சிறிய இனங்களில் ஆறு மாதத்துக்கு உட்பட்டவை இளையவை, மேற்பட்டவை முதிர்ந்தவை. பெரிய இனங்களில் ஆறு முதல் எட்டு மாதம் வரை இடைப்பிரிவு ஒன்றும் உண்டு. மூன்று தகுதி வெற்றிகளை, குறைந்தது இரு வேறு நடுவர்களிடம் பெற்ற முயலே அமெரிக்காவில் கிராண்ட் சாம்பியன் ஆகப் பதிவாக முடியும். ஒரு நடுவரின் தனி விருப்பம் மட்டும் பட்டத்தைத் தீர்மானிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு, அது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

நடுவர் முயலை மல்லாத்தி முதலில் பல்லைப் பார்ப்பார். பிறகு நகம், குதிகால், இனவுறுப்பு, காதின் உட்புறம், மூக்கு. பல் கோணல், சளி, சொறி, இனத்துக்கு ஒவ்வாத நகநிறம், எடை மீறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு அழகான முயலும் மேசையை விட்டு இறங்க வேண்டியதுதான். நெதர்லாந்து டுவார்ஃபுக்கு அமெரிக்க இலக்கணத்தில் உச்ச எடை இரண்டரைப் பவுண்டு, அதாவது 1.13 கிலோ. இந்தச் சோதனை வரிசையை வீட்டிலேயே மாதம் ஒருமுறை செய்து பழகினால் கண்காட்சிக்குப் போகாவிட்டாலும் வம்சம் சீராகும். உண்மையில் கண்காட்சியின் பெரிய பயன் எந்த முயலை இனவிருத்திக்கு வைக்கக் கூடாது என்பதை வேறொருவர் கண்ணால் தெரிந்துகொள்வதே.

நம் பக்கத்தில் முயல் கண்காட்சி நடக்கிறதா?

நாய்க் கண்காட்சிபோல் அடிக்கடி நடப்பதில்லை. பெருநகரங்களில் நடக்கும் செல்லப்பிராணிக் கண்காட்சிகளில் முயலுக்கும் இடம் கிடைப்பதுண்டு. போவதற்கு முன் நடுவர் யார், எந்த இலக்கணத்தின்படி மதிப்பிடுவார், அரங்கில் காற்றோட்டம் உண்டா, முயலைப் பார்வையாளர்கள் தொட அனுமதி உண்டா என்று கேளுங்கள். பலர் கைமாறித் தூக்கும் இடத்துக்கு முயலைக் கொண்டுபோக வேண்டாம். கோடையில் நடந்தால் எந்தப் பரிசுக்காகவும் போகாதீர்கள்.

பயணம் இரவில் அமையட்டும். பெட்டியில் ஒரு முயல் மட்டும், அடியில் புல், வீட்டுத் தண்ணீர் தனியாக. ரயிலில் கொண்டுபோவதானால் பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்த முயலை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றின் அருகில் சேர்க்க வேண்டும்.

மாவட்டத்துக்குள் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து மார்கழி அல்லது தை மாதத்தில் ஒரு காலைப்பொழுதில் கூடி, ஒருவர் முயலை இன்னொருவர் இலக்கணத்தை வைத்துப் பரிசோதிப்பதும் நல்ல தொடக்கம். கூடுமானால் கால்நடை மருத்துவர் ஒருவரை அழையுங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

குறிப்பேட்டைப் பிள்ளையிடமே கொடுங்கள். ஒவ்வொரு முயலுக்கும் ஒரு பக்கம்: காது எண், பெற்றோர், பிறந்த நாள், மாத எடை, பல் சோதனை, நோய், மருந்து. ஈற்றுப் பக்கத்தில் “6 குட்டி, 1 மிகச் சிறியது, தலை பெரியது, மூன்றாம் நாள் இறந்தது” என்று ஒரு வரி இருந்தால், அந்த ஜோடியை மறுபடி சேர்க்கக் கூடாது என்று அடுத்த வருடம் அந்தப் பக்கமே சொல்லிவிடும். துயரமான செய்தியையும் மறைக்காமல் எழுதக் கற்றுக்கொடுங்கள்.

காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை மார்பின் கீழ், மறு கை பின்பகுதியின் கீழ், முயல் உங்கள் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். பின்பகுதியைத் தாங்காமல் விட்டால் அது உதைத்துத் துள்ளும் வேகத்தில் முதுகெலும்பே முறிந்துபோகும். சின்னப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும். தினமும் தீவனமும் தண்ணீரும் வைப்பது கடைசியில் பெரியவர்களின் பொறுப்புதான். பரீட்சை நாளில் முயல் பட்டினி கிடக்கக் கூடாது.

கருவேலங்காட்டில் பிடித்த முயலை வளர்க்கலாமா? வீட்டு முயலோடு சேர்க்கலாமா?

கூடாது. நம் பக்கத்துக் காட்டு முயல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அது வேறு பேரினத்தைச் சேர்ந்த விலங்கு, வீட்டு முயலோடு குட்டி போடாது. வீட்டு முயலின் குட்டி முடியில்லாமல் கண்மூடிப் பிறக்கிறது. காட்டு முயலின் குட்டியோ முடியோடும் திறந்த கண்ணோடும் பிறந்து சிறிது நேரத்திலேயே நகரத் தொடங்கும். வயலில் தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்தால் எடுத்துவராதீர்கள், தாய் இருட்டிய பின் வந்து பாலூட்டும்.

மிஞ்சும் குட்டிகளை என்ன செய்வது?

இந்தக் கேள்வியை இணை சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டும். ஆறு குட்டி பிறந்தால் ஆறுக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அந்த வருடம் ஈற்று வேண்டாம். மூன்று மாதத்துக்குள் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள், உடன்பிறப்பு என்று அவை பார்ப்பதில்லை. கண்காட்சிக்குத் தகுதியில்லாத குட்டியை, இது செல்லப்பிராணியாக மட்டும், இனவிருத்திக்கு அல்ல என்று எழுதிக் கொடுங்கள். முயல் எட்டுப் பத்து வருடம் வாழும் என்பதை வாங்குபவரிடம் முதலில் சொல்லுங்கள். இறைச்சிக்கு வாங்குகிறாரா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் குடும்பத்தின் முடிவு, ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் அதைச் செய்யாதீர்கள். வைத்துக்கொள்ள முடியாத முயலை யாரேனும் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ள ஒரு கூண்டு எப்போதும் காலியாக இருக்கட்டும்.

குட்டி விற்பதைத் தொழிலாகச் செய்தால் 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த விதிகளில் முயலும் அடங்கும். துன்புறுத்தலைத் தடுக்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாருக்கும் பொருந்தும்.

புயல் எச்சரிக்கை வந்தால்?

ஈற்று எடுக்கும் மாதங்களே கரையில் புயல் மாதங்களும் என்பதால் இதற்கு முன்பே ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு முயலுக்கும் தூக்கிச் செல்லும் பெட்டி, உலர் புல் ஒரு மூட்டை, மூன்று நாளைக்கான குடிநீர், குறிப்பேடு ஆகியவை ஒரே இடத்தில் இருக்கட்டும். எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதும் ஓலைக் கொட்டகையை நம்பாமல் முயல்களை ஓட்டு வீட்டுக்குள்ளோ மாடி வீட்டுக்குள்ளோ கொண்டுவந்துவிடுங்கள். குட்டி உள்ள பெட்டியைத் தாயோடு சேர்த்தே நகர்த்தி, துணி போட்டு மூடி, வீட்டின் அமைதியான மூலையில் வைக்க வேண்டும். நனைந்த புல்லைக் காயவைத்துக் கொடுக்கலாம் என்று சேமிக்காமல் எறிந்துவிடுங்கள். மழை விட்டதும் கூண்டுத் தரையைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே முயல்களைத் திரும்ப விட வேண்டும்.